ஒன்பதாம் மேசை

"ஏம்ப்பா, இவ்வளவு புளிப்பு?"
மனப்பாடம் செய்ததைச் சொல்கிறேன்:
ஷாப்லி, சார். பிரான்ஸில் வடக்கே.
ஏப்ரலிலும் உறைபனி விழும்;
தளிர் கருகாமலிருக்க
இரவெல்லாம் கொடிகளுக்கிடையே தீ வைத்துக் காப்பார்கள்.
பழத்துக்கு இனிக்க அவகாசமில்லை.

சொல்லாமல் விட்டது:
அந்த மண் ஒருகாலத்தில் கடல்.
வேர் துழாவுவது சிப்பி ஓடுகளை.

போன மே மாதம், திருவான்மியூரில்,
நாற்பதடியில் எங்கள் போர்
அதைத்தான் துப்பியது:
வெள்ளை வெள்ளையாய்ச் சிப்பித் தூள்,
பின்னாலேயே கொஞ்சம் கலங்கல்.
எல்லோரும் வாயில் வைத்துக் காறினார்கள்.
நான் மட்டும் விழுங்கினேன்.
அதே ருசி, சார்.
(இதையும் சொல்லவில்லை.)

ஏசி பழுது. அதற்குள்
கிளாஸுக்கு வேர்த்துவிட்டது.
"சீக்கிரம் குடிச்சிடுங்க,
இந்த ஊர்ல குளிர் நிக்காது."