ஒற்று மிகும் இடம்

ஈரப்பத மீட்டர் பதினாறு காட்டியது.
நான் பத்தொன்பது என்று எழுதிவிட்டேன்.
முப்பது மூட்டையைப் பிரித்து
சாலையில் திரும்பக் காயப்போட்டார் பூவனூர்க்காரர்.
வெயில் ஏறாத மாசி.
பட்டியல் எழுத்தர் முகத்தை அவர் பார்க்கவில்லை.
நானும் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை, அது வேறு.

மறுநாள் அரைநாள் லீவு.
சட்டைப்பையில் காப்பீட்டு அட்டை.
நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது,
கூட்ஸ் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது.
கேட்டுக்கு இந்தப் பக்கக் கடையில்
கண்ணாடிச் சட்டம் மாட்டி, லென்ஸ் செருகி,
"பசு புல் மேயும்" எல்லாம் படிக்கவைத்து
கடைசியில் அட்டையைப் பார்த்தார்கள்:
"இது ஆப்பரேஷனுக்குங்க."
அந்தப் பக்கக் கடையிலும் பசு புல் மேய்ந்தது.
"எதுக்கும் தஞ்சாவூர்ல கேளுங்க."
மன்னார்குடியில் அட்டையைத் தொடவே இல்லை.
அங்கும் அதே பசு.
பொடி எழுத்துக் கடைசி வரி
பஸ்ஸில் தானாக வாயில் வந்தது:
கன்று தாயைத் தேடும்.

நான்காவது, கூத்தாநல்லூர்.
ஹிதாயா என்று பலகை.
"அட்டையா? இருக்கட்டும். முதல்ல படிங்க."
லென்ஸ் போடுவதற்குள்
கன்று வரைக்கும் ஒப்பித்துவிட்டேன்.
அந்த அம்மா சிரிக்கவில்லை.
தலைகீழாகத் தந்திருந்தாராம்.

பசுவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு
என் காப்பீட்டு அட்டையையே என் கையில் கொடுத்தார்.
"இதைப் படிங்க."
ஒன்று. ஒன்றேகால். ஒன்றரை.
ஒன்றே முக்காலில் எறும்புகள் நின்றன.
குடும்பத் தலைவர்: வைரகண்ணு.

எட்டு வருஷமாகப் பையில் இருக்கிறது.
க் இல்லை.

"கண்ணாடிக்கு இது செல்லாது.
நாளைக்குப் புரை விழுந்தா செல்லும்,
ஆனா ஆதார்ல க் இருந்தா அப்பவும் இழுக்கும்.
தாலுகா ஆபீஸ் போய் இப்பவே சேர்த்துடுங்க.
கண்ணாடி நானூத்தம்பது.
பாதி இப்ப, பாதி நெல்லு சீசன் முடிஞ்சு."
சோதனைக்குக் காசு கேட்கவில்லை.

சனிக்கிழமைதான் வரும்.
வெள்ளிக்கிழமை வந்தார் பூவனூர்க்காரர்,
அதே முப்பது மூட்டை.
மீட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
"நீங்களே படிங்க."
வாங்கினார்.
கையை நீட்டினார், இன்னும் நீட்டினார்,
கழுத்தைப் பின்னுக்கு இழுத்தார்,
ஒரு கண்ணை மூடினார்.
"பதினாறு."

எழுதிக்கொண்டேன்.