பதினேழாம் உட்பிரிவு

எபேன், ஒன்பதாவது மாடி.
கண்ணாடிக்கு அப்பால் கரும்பு,
இப்பால் ஆறுமுகம் வீட்டாரின் ஐந்தொகை.

பேருந்துகள் நாற்பத்திரண்டு, விற்றாயிற்று.
குர்ப்பிப்பில் வீடு இரண்டு, இரண்டிலும் ஈரம்.
கிராண்ட் பேயில் கடல் பார்க்கும் அடுக்ககங்கள்
வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு.
யூரோவில் கொஞ்சம், டாலரில் நிறைய.
தங்கம்: எடை சொல்ல மறுப்பு.
பெட்டகச் சாவி மாதாம் தெய்வானையின் இடுப்பில்.

மூத்தவன் பெர்த்திலிருந்து திரையில்; அங்கே அந்தி.
மகள் துலூசில்; அவள் பின்னால் யாரோ காப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள்.
இளையவன் மட்டும் நேரில், பேனா கடித்தபடி.
மூவருக்கும் தமிழ் வாசிக்க வராது.
கோயம்புத்தூரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த எனக்கு
இந்த அறையில் வாசிக்கக் கிடைத்த தமிழ்
இருநூறு ரூபாய்த் தாளில் இருப்பது மட்டும்.

படிவம் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்:
நட்டம் தாங்கும் திறன்,
ஒன்றிலிருந்து பத்துக்குள்?
பெரியவர் சிரித்தார்.
"ஜெர்வேஸ் புயலில் மூன்று பஸ் கவிழ்ந்தது.
மறுநாள் காலை
நாலாவதுக்குக் கடன் கேட்டு நின்றேன்.
அது எத்தனை?"
ஏழு என்று போட்டேன்.

அறக்கட்டளை, பாதுகாவலர், பேரப்பிள்ளைகளின் பங்கு,
மருமக்கள் பிரிந்தால் என்ன, பிரியாவிட்டால் என்ன,
எல்லாம் ஒரு சுற்று முடிந்து
வங்கிக் கணக்குக்கு வந்தோம்.

மாதந்தோறும் ஐந்தாம் தேதி
மாஹேபூர் கிளைக்கு ஒன்பதாயிரம்.
பெறுபவர் மாரி-ஆஞ்ச் கலோத்.
முப்பத்தோரு வருடமாக.
தொடங்கியபோது அறுநூறு;
அரிசி ஏற ஏற அதுவும் ஏறியிருக்கிறது.
இத்தனை ஒழுங்காக எவரும் சேமித்து
நான் பார்த்ததில்லை.

இதை எந்தத் தலைப்பில் வைக்க, என்றேன்.

பெர்த்தில் ஒலி நின்றது,
அறுந்ததா அணைத்தானா தெரியவில்லை.
பெரியவர் தண்ணீர்ப் புட்டியின்
மூடியைத் திருகினார், திறக்கவில்லை,
இன்னும் இறுக்கினார்.

மூன்று கூட்டமாக வாய் திறவாதவர்
அப்போதுதான் பேசினார்.
கிரியோலில் சொன்னார்,
எனக்குத் தமிழில் விழுந்தது:

"எழுது."

தருமம் என்றா, அம்மா?

"தருமமா? கடன் என்று எழுது.
இவர் போன பிறகும் போகட்டும்.
நான் போன பிறகும்.
ஐந்தாம் தேதி, ஆறு ஆகக் கூடாது.
அரிசி ஏறினால் ஏற்று."

உட்பிரிவு பதினேழு.
தட்டினேன்.
யாரது, என்றாள் துலூஸ்.
அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.
பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்,
தோள் தெரிந்தது,
முகம் தெரியவில்லை.

மாதாம் கண்ணாடியை மாட்டி
என் ஒப்பந்தத்தின் கடைசித் தாளைப் புரட்டினார்.
விரல் ஒரு வரியில் நின்றது.

"வருடத்துக்கு ஒரு சதவீதமா உன் கூலி?
முக்கால் போதும்."

சாவி குலுங்கியது.
முக்காலுக்கு ஒப்புக்கொண்டேன்.