சிவப்பு அம்பு

பகலில் எனக்கு வேலை பிழை பார்ப்பது.
கிளிநொச்சிக் கார்மென்ட்டில், ஏழாம் லைன், கடைசி மேசை.
கையிடுக்கில் ஒரு தையல் நழுவியிருந்தால்
நகத்தளவு சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவேன்.
தைத்த மெசினுக்கே போகும்.
வேறு மெசினுக்கல்ல.
வாங்கிப் போடப்போகிறவளுக்கு நிச்சயமாய் அல்ல.

இரவில், பனிக்கன்குளத்தில்,
கரண்ட் நின்றுபிடித்தால்
அதே வேலை, சம்பளமில்லாமல்.

காசு கொடுத்து வாங்கிய பஸ் ஓட்டும் விளையாட்டு.
அதில் மழை வந்தால் பஸ்ஸுக்குள்ளும் பெய்யும்.
கூரை இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம்;
மழைக்கு மட்டும் அது தெரியாது.
ஒன்றரை வருசம் கொம்பனிக்கு எழுதினோம்.
பிறகு நானே பைலைத் திறந்தேன்.
பதினேழு இரவு.
மழைக்குக் கூரை எதுவென்று சொல்லிக் கொடுத்தேன்.

கூடவே ஆசைக்கு ஒன்று:
ஏ-நைன் வீதி, மாங்குளம் தொடங்கி ஆனையிறவு மட்டும்.
முறிகண்டியில் பஸ் தானாக நிற்கும்.
சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டு வருவார்.
பயணிகள் கச்சான் வாங்குவார்கள்,
கோது சீற்றுக்குக் கீழே சேரும்.
கோதுக்கு மட்டும் நாலு இரவு.

"மொட் செய்யிறன்" என்று ஷட்டில் பஸ்ஸில் சொன்னதற்கு
"மொட்டோ? எலெக்சன் வருதோ?" என்றாள் சுகிர்தமலர்.

பதினோராயிரம் பேர் இறக்கினார்கள்.
கொம்பனி தன் அறிவிப்பில் எழுதியது:
"எங்கள் ரசிகர்களே எங்கள் பலம்."
வாசித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்லவில்லை.
இரண்டாந்தரம் வாசித்தபோதுதான்
எங்கள் ஒழுங்கையின் மதகு ஞாபகம் வந்தது.
வெள்ளத்தில் அது உடைய நாங்கள் போட்ட பனங்குற்றி இரண்டையும்
யாரோ வந்து எண்ணி
'பாலம்: உண்டு' என்று படிவம் நிரப்பிக்கொண்டு போனார்.
குற்றி இன்னும் கிடக்கிறது.
பாலமும் இன்னும் உண்டு.

மாசியில் ஒன்று தசம் நான்கு வந்தது.
புதுச் சாயம், புது ஹோர்ன். கூரை அப்படியே.
என் மொட் செத்துப்போனது.
பிரேசில் பெடியன் ஒருவன் எழுதினான்,
மொழிபெயர்த்துப் பார்த்தேன்:
"உன்னால் என் நாற்பது மணித்தியாலம் போச்சு.
பொறுப்பில்லாதவள்."
கொம்பனியை அவன் ஏசவில்லை.
கொம்பனிக்கு இருந்தது லோகோ,
எனக்குத்தான் பெயர்.

அடுத்த நாள் லைனில் அம்புச் சுருள் ஒன்று முடிந்தது.
"என்ன பிள்ளை, இண்டைக்கு இவ்வளவு கடுமை?" என்றார் சுப்பவைசர்.
மிஞ்சிய ஒன்று விரலில் ஒட்டியபடி வீட்டுக்கு வந்தது.
லப்டொப் திரையில்
பஸ்ஸின் உச்சியில் ஒட்டினேன்.
எந்த மெசினுக்குத் திருப்பி அனுப்ப?

முறிகண்டி என் ஆசை. அதில் பிழையென்றால் என்னை ஏசுங்கள்.
கோது காற்றில் மிதந்தால், கற்பூரம் அணைய மறுத்தால்
என்னை.
கூரை நான் விற்றதில்லை.

நேற்றுப் புதிதாக அனுப்பினேன்.
வீதி இருக்கிறது, கோயில் இருக்கிறது,
கச்சான்காரி இருக்கிறாள்.
கூரையை அடைக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தேன்.
கொக்காவில் தாண்ட மழை பிடித்தது.
முறிகண்டியில் பஸ் நின்றது.
உள்ளே நனைந்துகொண்டே அவர்கள் கச்சான் உடைத்தார்கள்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை;
நான் அவர்களுக்கு வாய்ப்பேச்சு வைத்திருக்கவில்லை.
பின்சீற்றில் ஒரு சின்னப்பிள்ளை,
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை.

குடை ஒன்று செய்ய
எத்தனை இரவு எடுக்கும் என்று
கணக்குப் பார்த்தபடி
நித்திரையில்லாமல் கிடக்கிறேன்.