சும்மா தொங்கிய கம்பி

காவேரிப்பட்டணம் தாண்டி, மாங்கூழ் ஆலை.
தூக்குக்குண்டைத் தூணின் தலையில் கட்டி இறக்கினேன்.
அது ஆடி அடங்குவதற்குள்
நஞ்சுண்டன் மூன்று முறை சொல்லிவிட்டார்:
"தூண் அசையலைம்மா, கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுது."
குண்டு நின்றது.
தூணின் பாதத்துக்கு நாலு விரற்கடை மேற்கே.

எடைக்கு வழி தெரியும்.
தகரத்தின் எடை, பேரல்களின் எடை,
பெங்களூரா மாங்காய் கொட்டிக் கிடக்கும் எடை,
யாரும் சொல்லித்தர வேண்டாம், தானாக மண்ணுக்குப் போகும்.
காற்று அப்படியில்லை.
பக்கவாட்டில் வந்து மோதுகிறவனுக்கு
இறங்கும் படி எங்கே என்று தெரியாது.

கட்டியவர்கள் படி வைத்துத்தான் கட்டியிருந்தார்கள்.
முகப்புத் தகரம் வாங்கிப் பட்டைக்குக் கொடுக்கும்,
பட்டை தூணுக்கு.
தூண் பாதியைக் காலடியில் இறக்கிவிட்டு
மீதியை மேலே கூரையிடம் தூக்கிக் கொடுக்கும்.
கூரை மழைக்கு மட்டும் என்று நினைக்கிறோம்;
அது படுத்துக் கிடக்கும் ஓர் உத்தரம்.
வாங்கியதை இரண்டு பக்கச் சுவருக்கும் பங்கு பிரிக்கும்.
(ஓரத்து ஆபீஸில் கான்கிரீட் தளத்துக்கும் இதே வேலை.
மேலே மேசை, நாற்காலி, டீ குடிக்கும் கணக்குப்பிள்ளை;
அவர் காலுக்குக் கீழே
சுவரிலிருந்து சுவருக்குக் காற்று கைமாறுகிறது.)
சுவரில், தூணுக்கும் தூணுக்கும் நடுவே,
பெருக்கல் குறியாக இரண்டு கம்பி.
கம்பிக்குத் தள்ளத் தெரியாது,
இழுத்துப் பிடிக்க மட்டும் தெரியும்.
மேல்காற்றுக்கு ஒன்று விறைக்கும், மற்றது தளரும்.
கீழ்க்காற்றுக்கு முறை மாறும்.

ஆனி ஆடியெல்லாம் இங்கே மேல்காற்றுதான்.
எட்டு வருஷம் ஒரு கம்பி விண்ணென்று நின்றது.
இன்னொன்றில் துண்டு காயப்போட்டார்கள்.
போன சீசனில், லோடு தலைக்கு மேல் போன ஒரு ராத்திரி,
கன்வேயரைத் தொங்கவிடக் கம்பி போதவில்லை.
"தெற்குச் சுவர்ல ஒண்ணு தண்டமா தொங்குதே, திம்மராயா!"

"பாரம் இருந்தா அறுக்கறப்ப டப்புன்னு துள்ளும் மேடம்.
அது பேசாம விழுந்துச்சு," என்றான் திம்மராயன்.
அவன் சொன்னதில் பொய்யில்லை.
அந்த ராத்திரி அதன்மேல் பாரமில்லை.

இந்த வைகாசியில், மின்னலோடு,
பர்கூர்ப் பக்கமிருந்து வந்தது காற்று.
பத்து நிமிஷம் இருக்காது.
முகப்பு வாங்கியது, கூரை வாங்கியது,
வடக்குச் சுவர் தன் பங்கைப் பிடித்துக்கொண்டது.
தெற்கே கூரை நீட்டிய கை நீட்டியபடி.
மிச்சமிருந்த கம்பி, எட்டு வருஷம் உழைத்த அதே கம்பி,
வில்லாக வளைந்து வேடிக்கை பார்த்தது.
கூரை முறுக்கிக்கொண்டு ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கக்கியது.
கெட்டில் பக்கத்தில் நின்ற மாதம்மாள்
"ஷெட்டு கொட்டாவி விட்டுச்சு," என்றாள்.
"அப்புறம் பாக்கல. ஓடிட்டோம்."

ஆளுக்குச் சேதமில்லை. இருபது பேரல் உருண்டு கொட்டியது.
வாசலில் இன்னும் ஈ.
"இயற்கைச் சீற்றம்னு ஒரு வரி எழுதிக்குடுங்கம்மா,
இன்சூரன்ஸ்காரன் கேக்கறான்."

நான் எழுதினேன்:
பதினாறு எம்எம் கம்பி, ஒன்று.
டர்ன்பக்கிள், இரண்டு.
தூணை நிமிர்த்த செயின் பிளாக், வாடகைக்கு.
கூலி தனி.

திம்மராயன் தாளைப் பார்க்கவில்லை.
அண்ணாந்து நின்றான்.
கன்வேயரின் மேலே அந்தப் பழைய கம்பி
மூன்று துண்டாக, ஒவ்வொன்றும் விண்ணென்று,
மாங்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.