டி.கண்ணு, இரவு ஷிஃப்ட்

ஜுபைல் கடலை
உப்பு வேறு, நீர் வேறாகப் பிரிக்கிறது
எங்கள் மூன்றாம் அலகு.
பிரிக்கச் சொல்வது
சாம்பல் நிறம் மஞ்சளாகிப்போன ஒரு பெட்டி.
விண்டோஸ் என்டி நான்கு.
செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள்.
விற்ற கம்பெனியை இன்னொன்று வாங்கி
அதை வேறொன்று விழுங்கி
இப்போது அழைத்தால்
போனில் இசை மட்டும் வருகிறது.

அணைத்தால் எழும்புமா, தெரியாது.
அதனால் அணைப்பதில்லை.
மேலே நான்கு மொழியில் ஒட்டியிருக்கிறது:
தொடாதே.
தமிழ்ச் சீட்டு என் கையெழுத்து.
'தயவுசெய்து' என்றும் எழுதியிருந்தேன்
யாரோ அதை அடித்துவிட்டார்கள்.

கடைசி டப்பா பிளாப்பிகள்
கேன்டீன் ஃபிரிட்ஜில், லபன் பாட்டில்களுக்குப் பின்னால்.
பசியில் திறந்து பார்த்த ரொமெல்
ஷிஃப்ட் முடியும்வரை
டகாலோகில் என்னைத் திட்டினான்.

உள்ளே போக ஒரே பெயர்தான்: டி.கண்ணு.
இன்னொரு பெயர் சேர்க்கும் அதிகாரம்
எந்தக் கடவுச்சொல்லில் இருக்கிறதோ
அது எவரிடமும் இல்லை.
துரைக்கண்ணு எக்ஸிட் அடித்துப் போனது
இரண்டாயிரத்து மூன்றில்.
நான் வந்தது பதினொன்றில்.
ஆனாலும் அவராகத்தான் நுழைகிறேன்.
ரொமெலும் அவர். பஷாரத்தும் அவர்.

அவருடைய கடவுச்சொல் ஒரு பெண்ணின் பெயர்.
மனைவியோ, மகளோ,
முடியாது என்று சொல்லிப் போனவளோ.
ஷிஃப்டுக்கு ஒன்பது தடவை தட்டுகிறேன்,
திரையில் நட்சத்திரங்களாக மட்டும் விழுகிறாள்.
இங்கே எழுதமாட்டேன்.
விதி இருக்கிறது.
அதைவிட, அவள் எனக்கு யாரோ.

ரியாத்திலிருந்து தணிக்கைக்கு வந்த நூஃப்
பதிவேட்டை விரலால் நிறுத்திக் கேட்டாள்:
யார் இந்தக் கண்ணு?
அப்படியொரு ஊழியர் இல்லை என்றது
ஆள்துறையின் பதில்.
பதிவேடு ஒத்துக்கொள்ளவில்லை.
இருபத்தோரு வருடம், மூன்று ஷிஃப்டும் ஒரே ஆள்,
பெருநாளிலும் லீவில்லை.
நேற்று இரவு இரண்டு பத்துக்குக்கூட
உப்புநீர் வால்வைத் திறந்திருக்கிறார்.
நூஃப் சிரிக்கவில்லை.
பிறகு, காரிடாரில், சிரித்தாள்.

படிவத்தில் எழுதினாள்:
மாற்ற வேண்டும்.
மாற்றும்வரை அபாயம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.
அதே வரியில் அது பதினான்காவது கையெழுத்து.

அந்த வாரமே ஆள்குறைப்புப் பட்டியல்.
பஷாரத்துக்கு அறுபது நாள் நோட்டீஸ்.
பெட்டிக்கு ஏழு வருட பட்ஜெட்.
பஷாரத் அதன் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினான்.
தொடாதே என்று நாங்கள் சொல்லவில்லை.

நூஃப் கேட்டதற்காக எண்ணைத் தேடினேன்.
தூத்துக்குடியில் ஐஸ் ஃபேக்டரி.
யார், எங்கிருந்து என்று நான் சொல்லி முடிக்கவும்
கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேல் அவர் குரல்:
"எட்டாம் நம்பர் மீட்டரு
இன்னும் மூணு கூடத்தான் காட்டுதா?"

காட்டுகிறது.
மூன்றைக் கழித்துப் படி என்று
எனக்கு ரொமெல் சொன்னான்,
அவனுக்கு வேறு யாரோ.
எங்கும் எழுதி வைக்கவில்லை.

அந்த இன்னொரு கடவுச்சொல்லா?
"அது மறந்துபோச்சு தம்பி."
நான் விவரம் முழுக்கச் சொன்னதும்
கொஞ்ச நேரம் கம்ப்ரஸர் மட்டும் பேசியது.
"அப்போ இருபத்தோரு வருஷ ஓவர்டைம்
யாரு தருவா?"

அவளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.
அந்தப் பக்கம் யாரோ
லாரி வந்துட்டு என்று கூப்பிட்டார்கள்.

மணி இரண்டு பத்து.
பெயரைத் தட்டுகிறேன்.
எட்டாம் மீட்டர் அறுபத்து நான்கு என்கிறது.
அறுபத்தொன்று.
வால்வைத் திறக்கிறார் துரைக்கண்ணு.