இரண்டு விரல் ஆட்டம்

ஸ்டியரிங் திரும்பும், சில்லு திரும்பாது:
இரண்டு விரல் ஆட்டம்.
சோஸ்ட் நகருக்கு வெளியே, நூல் பிடித்த நேர் ரோட்டிலும்
எண்பத்தாறாம் ஆண்டுப் பிக்கப்
சீனிக்கிழங்கு வயலைப் பார்த்தே போகும்.

"உன்ர கை சரியில்லை" என்றேன் கேதீசிடம்.
மூன்று கிழமையாய் அதையே சொன்னேன்.

டைராட் முனைகள் மாற்றினோம். பால்ஜாயின்ட் புதுசு.
பெட்டித் திருகைக் கால் சுற்று இறுக்கினேன்,
வளைவில் கல்லாய் நின்றது;
திரும்பத் தளர்த்தினேன்.
டயர்க் காற்றை நாலு தரம் அளந்தேன்,
பிறகு அளக்கிற கருவியையே சந்தேகித்தேன்.

ஞாயிறு. சுத்தியல் தொடக்கூடாத நாள்,
மேல்மாடி ஹெர் பிராண்ட்ஹோஃப் ஜன்னலில் நிற்பார்.
நான் அடியில், முதுகுக்குக் கீழே வாழைப்பழ அட்டைப்பெட்டி.
"ஆட்டு" என்றேன். ஆட்டினான்.
"இன்னும்."
கம்பி அசையவில்லை. மூட்டு அசையவில்லை.
ஸ்டியரிங் பெட்டி மட்டும்
சேசிஸோடு சேர்ந்து மூச்சு விட்டது.

தார்ப்பூச்சை நகத்தால் சுரண்டினேன்:
போல்டைச் சுற்றி ஒரு வெடிப்பு,
மயிரளவு,
யாரோ பூசி மறைத்து விற்றது.

மேலேயிருந்து மெல்லக் கேட்டான்:
"என்ன, என்ர கைதானோ?"

பத்து நிமிடம்
நான் வெளியே வரவில்லை.