புத்தகத்தில் அப்படி இல்லை

இரண்டாம் ஆட்டம் விட்டபோது மணி ஒன்றே கால்.
ஐந்து ரோட்டில் ஒரே ஒரு தட்டுவடைக் கடை
மூடலாமா வேண்டாமா என்று நின்றிருந்தது.
படம் பார்த்த பாதிப்பேர் அங்கேதான் இருந்தோம்.

பயமே இல்லைங்க என்றார் குப்புராஜ்.
சொல்லிவிட்டு
இருட்டில் நிறுத்திய வண்டியை எடுக்க
என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

சத்தம்தான் பயம், படம் இல்லை என்றான் நவநீதன்.
கதவு திறந்தால் சத்தம், பூனை தாண்டினால் சத்தம்,
அவள் தலை சீவினாலும் சத்தம்.
காதைப் பொத்திக்கொண்டால் இது குடும்பப் படம்.

பள்ளப்பட்டி தில்ஷாத் அக்காவுக்குப்
பேயின் புடவை பிடித்திருந்தது.
அறுபது வருஷமாய்க் கசங்கவில்லையே,
எந்தக் கடையில் எடுத்தார்களாம்?

ஏற்காட்டிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கியிருந்த
ஓட்டுநருக்கு வேறு குறை.
பதினேழாவது கொண்டை ஊசியைக் காட்டுறான்,
அடுத்த சீன்ல பார்த்தா மலை முழுக்கத் தேயிலை.
எங்க மலையில ஏதுய்யா அவ்வளவு தேயிலை?
காப்பிச் செடி எங்க? சில்வர் ஓக் எங்க?
பேய் வந்தா நம்புவேன்,
தேயிலைய நம்பமாட்டேன்.

நாலு நாளாக் கேட்கிறேன் என்றார் கடைக்காரர்,
பீட்ரூட்டைத் துருவியபடி.
உள்ளே நாலு படம் ஓடும்போல.

நான் இடைவெளிக்குக் காத்திருந்தேன்.
நாவலை மூன்று முறை படித்தவன்.
புத்தகத்தில் அப்படி இல்லை என்று ஆரம்பித்தேன்.
புத்தகத்தில் அவள் முதலாளி மனைவி இல்லை,
காப்பிப் பழம் பறிக்கிறவள். வெள்ளச்சி என்று பேர்.
நகம் இல்லை, கோரைப்பல் இல்லை, கிணறு இல்லை.
செத்த பிறகும் சாயங்காலம் ஐந்து மணிக்கு
கூடையோடு எடைமேடைக்கு வந்து
வரிசையில் கடைசியாய் நிற்பாள்.
கணக்கப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரிவாள்.
தட்டில் ஒன்றும் இருக்காது.
முள் இறங்கும்.

இருநூறு பக்கமும் இதுவேதானா என்றார் குப்புராஜ்.
இதுவேதான்.
அப்புறம் எவன் பார்ப்பான்?

நியாயம்தான்.
அந்தச் சாவை எடுத்து
பங்களாவில் இருப்பவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.
நல்ல வெளிச்சம், நல்ல படிக்கட்டு.
வெள்ளச்சிக்கு மிஞ்சியது இரண்டு நொடி:
யாரோ ஒருத்தி கூடையை இறக்குகிறாள்,
கேமரா நகர்ந்துவிடுகிறது.

பூங்கோதை எதுவும் சொல்லவில்லை.
இரண்டாவது செட் வேண்டாம் என்றாள், அவ்வளவுதான்.
அரங்கமே அலறிய இடங்களில்
கைப்பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தவள்
அந்த இரண்டு நொடியில் மட்டும்
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
நகம் பதிந்த இடம்
நாலு ரோடு தாண்டியும் எரிந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை அவளுக்கு.
காலையில் கிராம் கணக்கில் வெள்ளி வாங்கி
மாலையில் கிராம் கணக்கில் திருப்பித் தர வேண்டும்.
குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள்.
தலைமுடியில் ஒட்டிய பொடியைக்கூட
உதறிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள் என்று
ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.
நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

விளக்கணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:
புத்தகத்துல
அந்தப் பொம்பளைக்குக் குறைச்ச காசக் குடுத்தாங்களா?

மூன்று முறை படித்தவன்.
கடைசி அத்தியாயத்தில் மூடுபனி இறங்கும்.
பனியைப் பற்றியே ஒன்றரைப் பக்கம்,
அடிக்கோடு போட்டிருக்கிறேன்.
அதற்குள் அவள் போய்விடுவாள்.
காசோடா, காசில்லாமலா?

எழுந்து அலமாரியைத் துழாவினேன்.
புத்தகம் நவநீதனிடம் இருக்கிறது, இரண்டு வருஷமாய்.
அவன் பிரிக்கவேயில்லை என்பது
இன்றைக்குத்தான் தெரிந்தது.

தெரியல என்றேன்.
சரி, தூங்குங்க என்றாள்.

திரும்பிப் படுப்பதற்கு முன்
கொண்டையை அவிழ்த்து
இருட்டில் ஒருமுறை உதறினாள்.